துண்டு போட்ட இடம்

அர்த்தநாரி கீழே இறங்கி வருவதற்குள் அவருடைய துண்டு காலைப் பலகாரத்தை முடித்துவிட்டது.

பொனாவெல் தீவில் இதெல்லாம் சகஜம். துண்டு நாற்காலியின் முதுகில் நாலாக மடிந்து கிடந்தது. எதிரே தட்டு காலி. தட்டின் ஓரத்தில் கறிவேப்பிலை ஒதுங்கியிருந்தது. அர்த்தநாரிக்கும் கறிவேப்பிலை ஆகாது. பக்கத்தில் அவர் சம்சாரம் துளசிமணி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். தனக்கு ஒன்று, துண்டுக்கு ஒன்று.

வேறு நாற்காலி இல்லை. அர்த்தநாரி சமையல்காரர் பக்கம் போய் நின்றார். கோயமுத்தூரிலிருந்து டூர்க்காரர்கள் கூடவே கூட்டிவந்த சமையல்காரர் அவர். யார், என்ன என்று கேட்காமல் ஒரு கரண்டி உப்புமாவை எடுத்து நீட்டினார். அர்த்தநாரி நின்றபடியே தின்றார். உப்புமா உப்புமாவாகத்தான் இருந்தது.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தார் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

மனுஷன் திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டி, அதாவது போர் போடுகிற லாரி, வைத்துப் பிழைத்தவர். சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், ஒடிசா என்று எங்கே மண் காய்ந்து கிடக்கிறதோ அங்கே போய்ப் பூமியைத் துளைப்பார். முப்பது வருஷம் துளைத்தார். திருவிழா, கல்யாணம், சாவு என்றால் ஊருக்கு வருவார். வந்த சூடு ஆறுவதற்குள் போன் அடிக்கும். தண்ணி வரலையாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். துளசிமணி "செரிங்க" என்பாள். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம். சண்டை என்று ஒன்று கிடையாது. சண்டை போடவும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

போன தை மாதம் வண்டிகளையெல்லாம் விற்றுவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால் வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. ஒரு நாற்காலி துவைத்த துணிக்கு என்று ஆகியிருந்தது. ஒன்று வெங்காயக் கூடைக்கு. சோபாவில் அவர் உட்கார்ந்தால் துளசிமணி விருந்தாளி வந்த மாதிரி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சரி, நம் ஊர் வேண்டாம், இரண்டு பேருக்குமே புதிதான ஓர் ஊரில் போய்ச் சேர்ந்து உட்கார்ந்து பழகுவோம் என்று இந்தக் கரீபியன் டூருக்குப் பேர் கொடுத்தார். விமானத்திலேயே அவளிடம் சொல்லியும் விட்டார், இனிமேல் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன் என்று. அவள் "செரிங்க" என்றாள். அது ஒன்றுதான் அவருக்கு இந்தப் பயணத்தில் வேண்டியிருந்தது. கோட்டை, மலை, மீன் எல்லாம் மற்றவர்களுக்கு.

முதல் நாள் எல்லோரும் கடற்கரைக்குப் போனார்கள். அந்தக் கடலைக் காலையில் திறந்து சாயங்காலம் மூடுகிறவர் கரை மேஸ்திரி டெஸ்மண்ட். ஆறடி ஆள், கழுத்தில் ஒரு விசில். தீவுக்காரர்கள் எல்லோரையும் போல அவரும் நல்ல பெருந்துறைப் பக்கத்துப் பேச்சுப் பேசினார். யாரும் ஆச்சரியப்படவில்லை. அர்த்தநாரி பழக்கதோஷத்தில் கடல் எத்தனை அடி என்று விசாரித்தார். இது எங்க பெரியப்பன் போட்ட போருங்க, கேசிங் எறக்காம உட்டுட்டாரு என்றார் மேஸ்திரி. அர்த்தநாரி தலையாட்டினார். கேசிங் குழாய் இறக்காவிட்டால் தண்ணீர் இப்படித்தான் நாலா பக்கமும் பரவும்.

கரையில் நீள நீளமான சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். துளசிமணி ஒன்றில் உட்கார்ந்தாள். முகத்தில் வெயில் அடித்தது. அவளுக்கு ஒரு தொப்பி வாங்கினால் என்ன என்று அர்த்தநாரிக்குத் தோன்றியது. தோன்றியதே பெரிய விஷயம். தோளிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் போட்டார்.

துண்டு போடுவதில் அர்த்தநாரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஈரோடு பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாக வீசுவார். குறி தப்பாது. ஒருமுறை யாரோ ஓர் ஆள் இவர் துண்டை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டான். இவர் அவன் சட்டையைப் பிடித்து எழுப்பி, துண்டு வேற ஆளு வேறயா, துண்டு கிடந்தா ஆள் உக்காந்திருக்கற மாதிரிதான் என்று பஸ்ஸுக்கே நியாயம் சொன்னார். கண்டக்டர் முதற்கொண்டு அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த நியாயத்தில் அவருக்கு அன்றும் இன்றும் சந்தேகமில்லை.

"துளசி, எடத்தப் பாத்துக்க. சித்த நேரத்துல வந்தர்றேன்."

"செரிங்க." எங்கே என்று அவள் கேட்கவில்லை. எப்போதுமே கேட்டதில்லை.

கடைவீதி ஒரே நேர் சந்து. முதல் கடையில் சங்கு விற்றார்கள். காதில் வைத்தால் கடல் கேட்க வேண்டிய சங்கில் பக்கத்து வீட்டுச் சண்டை கேட்கிறது என்று ஒருவர் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். அடுத்த கடையில் தென்னை நிழலை முழம் போட்டு அளந்து, மடித்து, பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் அப்பால் தொப்பிக் கடை. கடைக்கார அம்மாள் யாருக்கு என்று கேட்டாள். சம்சாரத்துக்கு என்றார். தலை எவ்வளவு பெரிது என்று கேட்டாள். அர்த்தநாரி கையால் காட்டினார். முதலில் தேங்காய் அளவு காட்டினார். பிறகு பூசணிக்காய் அளவு. பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார்.

மூக்குத்தி எந்தப் பக்கம் என்று அந்த அம்மாள் கேட்டாள். தொப்பிக்கும் மூக்குத்திக்கும் என்ன சம்பந்தம் என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். யோசித்தார். இடது மாதிரி இருந்தது. வலது மாதிரியும் இருந்தது. அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் எல்லாத் தொப்பியையும் நீங்களே போட்டுப் பாருங்கள், எது உங்களுக்குச் சேரவில்லையோ அது அவங்களுக்குச் சேரும் என்றாள். நியாயமாகப் பட்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாமே அவருக்குச் சேர்ந்தது. அவர் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க, வெளியே சந்து நீண்டுகொண்டே இருந்தது. கடைசியில் கைக்குக் கிடைத்த ஓலைத்தொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வந்த வழியில் இல்லாத கடைகளெல்லாம் திறந்திருந்தன. ஒரு மளிகைக் கடையில் போன வருஷத்துக் காலண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நடந்தார், நடந்தார், அப்படி நடந்தார்.

கரைக்கு வந்து சேர்ந்தபோது துளசிமணி அதே இடத்தில்தான் இருந்தாள். முகம் ஒருபக்கம் கறுத்திருந்தது. துண்டிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கோழிக்குழம்பைப் பற்றி என்று நினைக்கிறேன்.

அர்த்தநாரி தொப்பியை நீட்டினார். நல்லாருக்குதுங்க என்று வாங்கினாள். வாங்கி, துண்டின் தலைமாட்டில் வெயில் படாதவாறு வைத்தாள்.

அவர் துண்டை எடுக்கக் குனிந்தார். விசில் அடித்தது.

"அங்க ஆள் இருக்குதுங்க" என்றார் மேஸ்திரி டெஸ்மண்ட்.

அது என் துண்டு என்று இவர் சொன்னார். ஆமாம், அவருடைய துண்டுதான் என்று மேஸ்திரி சொன்னார். துண்டு வேறு ஆள் வேறா என்று கேட்டார். அர்த்தநாரி குனிந்தபடியே அதை யோசித்துப் பார்த்தார். அவரே ஒரு பஸ்ஸுக்குச் சொன்ன நியாயம். அதை மறுத்தால் ஈரோட்டில் அந்த ஆளை எழுப்பியது தப்பு என்று ஆகிவிடும். நிமிர்ந்து நின்று, ஓரமாக மணலில் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் அதை இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். அரிசி மில் வையாபுரி, அர்த்தநாரியோடு பள்ளிக்கூடம் படித்தவர், அன்று சாயங்காலம் முழுவதும் துண்டோடு சீட்டாடி இரண்டு ஆட்டம் தோற்றார். நடுவில் அர்த்தநாரியைப் பார்த்து, உங்களை எங்கேயோ பார்த்தாற்போல இருக்கிறது, பவானிப் பக்கமா என்று கேட்டார். இவர் ஆமாம் என்று சொல்லிவைத்தார். அன்றைக்கு அறைக் கட்டிலிலும் துண்டுதான் படுத்தது. இவர் பால்கனியில் படுத்துக்கொண்டார்.

இப்போது அந்த உப்புமாவுக்கு வருவோம்.

உப்புமா முடிந்ததும் ஊர் பார்க்கப் பஸ் கிளம்பியது. சன்னலோரம் துண்டு, பக்கத்தில் துளசிமணி. அர்த்தநாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டூர் மேனேஜர் பிருந்தா சின்னப் பெண், மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இடதுபக்கம் தெரிவது பழைய கோட்டை, அது நேற்று வலதுபக்கம் இருந்தது. அதோ கலங்கரை விளக்கம், பகலில் தூங்கும், சத்தம் போடாதீர்கள். எல்லோரும் மூச்சுக் காட்டாமல் தாண்டிப் போனார்கள்.

பிறகு மலை. அந்தத் தீவில் நாம் மலையைப் பார்ப்பது கிடையாது. மலைதான் நம்மைப் பார்க்கும். வரிசையில் போய் ஒரு மேடையில் நிற்க வேண்டும். மலை வையாபுரியைப் பார்த்தது. அவர் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார். துளசிமணி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடையேறினாள். மலை வெகுநேரம் பார்த்தது. ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அர்த்தநாரியின் முறை வந்ததும் மலைமேல் மேகம் இறங்கிவிட்டது. மலை மூடியாச்சுங்க என்று பிருந்தா வருத்தப்பட்டாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

அர்த்தநாரிக்கு வலிக்கவில்லை. வலிக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. பல் மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவ்வப்போது நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் தண்ணீர் விளையாட்டு. வாழைப்பழப் படகு, பலூனில் பறப்பது, முகமூடி போட்டுக்கொண்டு மீன் பார்ப்பது. பவானி கூடுதுறையில்கூடக் கணுக்காலுக்கு மேல் நனையாத துளசிமணி மீன் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். துண்டுக்கும் மிதவைச் சட்டை மாட்டினார்கள். பாந்தமாக இருந்தது.

இறங்குகிறவர்கள் மூச்சைக் கரையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அது அங்கத்து வழக்கம். துளசிமணி கொடுத்தாள். கூட்டம் அதிகமாக இருந்ததால் மேஸ்திரி அதை வாங்கிச் சும்மா நின்றுகொண்டிருந்த அர்த்தநாரியின் கையில் வைத்து, சித்தப் புடிச்சுக்கங்க என்றார்.

அர்த்தநாரி விரல்களை மூடிக்கொண்டார். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. போவதும் வருவதுமாக இருந்தது. டன் கணக்கில் இரும்பைத் தூக்கி இறக்கிய கை அது. அவ்வளவு லேசான பொருளை அதற்குப் பிடிக்கத் தெரியவில்லை. அழுத்தினால் என்ன ஆகுமோ, விட்டால் என்ன ஆகுமோ. மூக்கில் ஈ உட்கார்ந்தது. விரட்டவில்லை.

தூரத்தில் துளசிமணி தலையைத் தூக்கிச் சிரித்தாள். துண்டு அவள் தோளோடு மிதந்துகொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு அவருக்குப் புதிது. இத்தனை வருஷமாக அது எங்கே இருந்தது என்று யோசித்தார். வீட்டில்தான் இருந்திருக்கும். இவர்தான் இல்லை.

திரும்பி வந்து அவள் கையை நீட்டினாள். அவர் விரல்களைத் திறந்து கொடுத்தார். தேங்ஸுங்க என்றாள். ஒரு மூன்றாம் மனுஷரிடம் சொல்வது போலத்தான் இருந்தது.

அப்போது பிருந்தா வந்து விஷயத்தைச் சொன்னாள். நாளைக் காலையில் ஊருக்குக் கிளம்புகிறோம். விமானத்தில் துளசிமணி அக்காவுக்கு ஓர் இடம், பக்கத்தில் துண்டுக்கு ஓர் இடம். உங்களுக்கு இல்லை. மேஸ்திரியும் அது சரிதான் என்றார். துண்டை யாராவது எடுக்க வழியே இல்லையா என்று அர்த்தநாரி கேட்டார். இருக்கிறது. யாரிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரோ அவர்களே எடுக்க வேண்டும். பஸ் கிளம்புவதற்குள் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் இங்கேயே இருந்துவிட வேண்டியதுதான்.

கவலைப்படாதீர்கள், வேலை இருக்கிறது என்று மேஸ்திரி ஆறுதல் சொன்னார். கடலுக்குக் கேசிங் இறக்க வேண்டும். ஆள் கிடைக்காமல்தான் அப்படியே கிடக்கிறது. எந்த அளவுக் குழாய் எடுக்கும் என்று அர்த்தநாரி கேட்டுவிட்டார். கேட்டதும் கையும் காலும் சுறுசுறுப்பாயின. மண்ணை அள்ளி விரலில் தேய்த்துக்கூடப் பார்த்தார். பிறகுதான் தன்னையே கண்டு அவருக்கு வெட்கமாகிவிட்டது. மனுஷனைத் திருத்த முடியுமா சொல்லுங்கள்.

காலையில் பஸ் கடற்கரையோரமாக நின்று உறுமிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். சன்னலோரம் துண்டு. அர்த்தநாரி துளசிமணியின் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"துளசி, நான்தான்."

"தெரியுமுங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அடையாளம் தெரியாமல்தான் இப்படி நடந்துகொள்கிறாள் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். தொப்பியோடு வந்து நின்றபோதே தெரியும் என்றாள்.

"தெரிஞ்சுமா இதுங்கூட உக்காந்திருந்த?"

"பாத்துக்கச் சொன்னீங்க, பாத்துக்கிட்டேன். இத்தன வருசமும் அதத்தானுங்க பண்ணிட்டிருந்தேன்."

கோபமா என்று கேட்டார். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். சொன்ன விதத்தில் பொய் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். துண்டு வாய் பேசாது, ஆனால் வைத்த இடத்தில் இருக்கிறது, தனக்கு அது புதிதாக இருந்தது என்றாள்.

அர்த்தநாரிக்கு மூக்குத்தி கண்ணில் பட்டது. வலது பக்கம். இரண்டு நாளாகப் பக்கத்திலேயே இருந்தும் இப்போதுதான் பார்க்கிறார்.

"எடுத்துரு துளசி. நான் இனி எங்கியும் போவுல."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மலை பார்த்த மாதிரி இல்லை. சாதாரணமாகத்தான் பார்த்தாள்.

"செரிங்க."

துண்டை எடுத்தாள். அதில் ஒரு சிரமமும் இல்லை. இருக்கையைப் புறங்கையால் தட்டிவிட்டு, உக்காருங்க என்றாள். அர்த்தநாரி அவளைத் தாண்டிப் போய்ச் சன்னலோரம் உட்கார்ந்தார். வையாபுரி பின்னாலிருந்து தோளைத் தட்டி, எங்கேப்பா போயிருந்தே ரெண்டு நாளா என்றார். பிருந்தா கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். அர்த்தநாரிக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம்.

துளசிமணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நான் இன்னொருக்காத் தண்ணிக்குப் போயிட்டு வந்தர்றனுங்க."

பஸ் கிளம்பப் போகிறது என்று அவர் சொன்னார். தெரியும், நீங்கள் உட்கார்ந்திருங்கள் என்றாள். கூட வரட்டுமா என்று அவர் பாதி எழுந்தார். எழுந்தால் இரண்டு இடமும் காலியாகிவிடும். அவளும் அதைத்தான் சொன்னாள். உட்கார்ந்தார்.

அவள் படியிறங்கி மணலில் நடந்தாள். கடல் இன்னும் திறந்திருக்கவில்லை. மேஸ்திரி அவளைப் பார்த்ததும் ஓடிப்போய்த் திறந்துவிட்டார். மூச்சுக்காகக் கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டாள். மூச்சைத் தன்னோடே எடுத்துக்கொண்டு இறங்கினாள். முழங்கால் வரை நனைந்தது, இடுப்பு வரை நனைந்தது. ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இல்லை. அவள் மறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

பஸ் கிளம்பியது.

அடுத்த நிறுத்தத்தில் கூடையோடு ஒரு தீவுக்கார அம்மாள் ஏறினாள். அர்த்தநாரியின் பக்கத்து இடத்தைப் பார்த்தாள்.

"இங்க ஆள் வருதுங்களா?"

"வருதுங்க."

அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயதானவள். அர்த்தநாரிக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. இருக்கையின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டார். அதற்கடுத்த நிறுத்தத்தில் ஏறியவரும் கேட்டார். அவருக்கும் அதே பதில். விமான நிலையத்தில் பக்கத்து நாற்காலியைக் கேட்டவர்களுக்கும் அதே பதில். வையாபுரி, வூட்டுக்காரம்மா எங்கே என்று விசாரித்தார். இதோ வந்துவிடும் என்றார்.

விமானம் மேலே ஏறியது. தீவு சன்னலில் சின்னதாகி, பிறகு தண்ணீர் மட்டும் தெரிந்தது. பணிப்பெண் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து காலி இடத்தின் முன்னால் நின்றாள்.

"இங்க ஆள் வருதுங்களா?"

"வருதுங்க."

"எப்ப வருவாங்க?"

அதை அவர் துளசிமணியிடம் கேட்டுக்கொள்ளவில்லை. போகிறவர்களிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் கேட்டதில்லை. பணிப்பெண் பதிலுக்காக நின்றாள். அர்த்தநாரிக்கு நெஞ்சு வலித்தது. மரத்துப்போக வைத்த ஊசியின் வேகம் இறங்கிவிட்டது போல நன்றாக, முழுசாக வலித்தது. அவர் சன்னலைப் பார்க்கவில்லை. இருக்கைமேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

"தெரியலைங்க" என்றார். "ஆனா வருது."